பலாபத்வலயில் பகல் நித்திரைக்கு அறை

மனைவியை எதிர்த்துப் பேசுகிறவன் முட்டாள். "சரி" என்று தலையாட்டிவிட்டு, சொன்னதைச் செய்யாமல் இருக்கிறவனே புத்திசாலி. இதுதான் றெக்சனின் இல்லறத் தத்துவம். இந்தத் தத்துவத்தின் நிழலில் அவன் வெகுகாலம் சுகமாக வாழ்ந்து வந்தான். அதற்கு ஆபத்து ஒருநாள் மதியம், மரவள்ளிக்கிழங்குக் கறியோடு சேர்ந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தது.

"என்னங்க," என்றாள் ஷிரானி, இன்னொரு கரண்டி கறியை அவன் தட்டில் வைத்தபடி. கேட்காமலே இரண்டாம் தரம் கறி விழுந்தால் அந்த வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. "பின் அறைய வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். பாதையில போற வர்ற ஆளுங்க தங்குறதுக்கு."

றெக்சனுக்குப் புரையேறியது.

அந்தப் பின் அறையைப் பற்றிச் சொன்னால்தான் புரையேறியதில் உள்ள நியாயம் விளங்கும். பலாபத்வலயில் இவர்கள் வீட்டின் முன்பக்கம் ஏ-ஒன்பது பாதை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி போகிறவர்களும் ஏதோ இவர்கள் வீட்டு வாசலில்தான் ஹோர்ன் அடிப்பதாக நேர்த்தி வைத்தவர்கள் மாதிரி அடித்துக்கொண்டு போவார்கள். பின்பக்கம் வேறு உலகம். ஒரு சாதிக்காய் மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, அதற்கப்பால் ஒரு சிற்றோடை. ஜன்னலைத் திறந்தால் பச்சையாக ஒரு வெளிச்சம் உள்ளே வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளும். அதற்குப் பக்கத்தில் றெக்சன் படுத்துக்கொள்வான்.

காலையில் உக்குவளைப் பக்கத்துப் பிள்ளைகளைத் தன் வானில் ஏற்றி மாத்தளைப் பள்ளிக்கூடங்களில் இறக்குவதும், மதியம் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவன் தொழில். கடைசிப் பிள்ளை இறங்கியதும் வீடு, சோறு, கட்டில்.

வெறுமனே தூங்குகிறவன் என்று அவனை நினைத்துவிடக் கூடாது. தூங்குவதற்கு ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். றெக்சன் கனவு காண்கிறவன். அதுவும் தொடர் கனவு. மாத்தளையோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது என்பது ஊரறிந்த விஷயம். அவன் கனவில் மட்டும் அது முடிவதில்லை. கார்ட் உடுப்புப் போட்டுக்கொண்டு கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுவான். ரயில் மாத்தளையைத் தாண்டிப் போகும். கொக்கோ மரங்களுக்கு நடுவே போகும்; பழங்கள் வந்து பெட்டியின் பக்கங்களில் தட்டும். மேகத்துக்குள் நுழைந்து ஈரமாக வெளியே வரும். ஒவ்வொரு பகலும் ஒரு ஸ்டேசன் தூரம். நேற்று நின்ற இடத்திலிருந்துதான் இன்று கிளம்பும். ஒரு ஸ்டேசனில் பயணிகள் யாரும் இறங்கவில்லை, மழை மட்டும் இறங்கியது. இன்னொன்றில், காலமாகிப் போன அவன் தகப்பன் பஸ்தியாம்பிள்ளை வெள்ளை வேட்டியோடு நின்று, ஒன்றும் கேட்காமல் சிரித்தார்.

கடைசி ஸ்டேசன் எது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. அதைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர றெக்சனுக்கு இந்த உலகத்தில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. முன் அறையிலும் படுத்துப் பார்த்திருக்கிறான். தூக்கம் வந்தது, ரயில் வரவில்லை. வானின் பின் சீட்டில் படுத்துப் பார்த்தான். கழுத்துப் பிடித்ததுதான் மிச்சம். அந்த ரயிலுக்குப் பாதை பின் அறைக்குள்தான் இருந்தது.

இதையெல்லாம் அவன் யாரிடமும் சொன்னதில்லை. புரையேறியது நின்றதும் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரி," என்றான்.

"இண்டர்நெட்டெல்லாம் தெரியும்னு சொல்லுவீங்களே. நம்ம அறைக்கு ஒரு பக்கம் செஞ்சு போடுங்க. இந்தக் காலத்துல போர்டு அங்கதான் வைக்கணுமாம்," என்றாள் ஷிரானி.

றெக்சனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைக்கு ஆள் வருவதும் வராததும் போர்டில் இருக்கிறது. போர்டு எழுதும் தூரிகை இப்போது அவன் கையில். அன்று ரயில் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

மறுநாளே சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஷிஃபானிடம் போனான். சீகிரியாவில் ஆட்டோ ஓடுகிறவர்களுக்கும், சுற்றுவட்டத்து வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கும் இணையப் பக்கம் செய்து கொடுப்பவன் ஷிஃபான்தான். ஒரு பக்கத்தில் ஆகவும் முக்கியமான சங்கதி என்ன என்று கேட்டான் றெக்சன், வைத்தியரிடம் கேட்கிற குரலில்.

"தலைப்புத்தான் அண்ணே," என்றான் ஷிஃபான். "உள்ளுக்கு நீங்க தங்கமே வச்சிருந்தாலும் தேடுறவங்க கண்ணுல மொதல்ல படுறது அந்த ஒரு வரிதான். அதப் பாத்துத்தான் வருவாங்க, அதப் பாத்துத்தான் போவாங்க."

பிறகு அவன் ஒரு பழைய போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டே மற்றதையும் விளக்கினான். நமக்கு என்ன சொல்ல ஆசை என்பது முக்கியமில்லை. தேடுகிறவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார் என்பதுதான் முக்கியம். அந்தச் சொல்லும் ஊர்ப் பெயரும் முன்னாலேயே வந்துவிட வேண்டும். தலைப்பு நீண்டுபோனால் தேடுபொறி வாலை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டால் இயந்திரத்துக்கும் சந்தேகம் வரும், மனுசனுக்கும் சந்தேகம் வரும். உள்ளே இல்லாததைத் தலைப்பில் சொன்னால் வந்தவர் வந்த வேகத்தில் திரும்பிப் போவார்.

"தேடுபொறின்னு தமிழ்ல சும்மா பேர் வைக்கல்ல அண்ணே. எலிப்பொறி மாதிரித்தான். எலிக்கு எது புடிக்குமோ அதத்தான் உள்ளுக்கு வைக்கணும். நமக்குப் புடிச்சத வச்சா எலி வராது."

எலி வராமல் இருப்பதற்கான வழியை இத்தனை தெளிவாக யாரும் சொல்லி றெக்சன் கேட்டதில்லை. அவன் கண்கள் பளபளத்தன. ஒவ்வொரு விதியையும் மனதில் பத்திரமாக வாங்கிக்கொண்டான், ஒவ்வொன்றையும் மீறுவதற்காக. பக்கத்தின் உள்ளே "அறை உண்டு. கட்டில் உண்டு" என்பதற்கு மேல் ஒரு எழுத்து எழுதவில்லை. தலைப்புக்கு மட்டும் வான் ஓட்டிக்கொண்டே மூன்று நாலு நாள் யோசித்தான். கடைசியில் பிறந்தது இது: இமைக்கும் விழிக்கும் இடையே ஒரு கதவு.

ஊர் இல்லை. அறை இல்லை. தங்குவது, படுப்பது, சாப்பிடுவது எதுவும் இல்லை. ஷிஃபான் அதை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணே, இத யாரு தேடுவாங்க?"

"தேடக்கூடியவங்க தேடுவாங்க தம்பி," என்றான் றெக்சன், மகான்கள் பேசுகிற தோரணையில்.

ஷிரானியும் வாசித்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு உதட்டை மடித்துக்கொண்டாள். அந்த மடிப்பு றெக்சனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் அன்றைக்குக் கட்டில் காலியாக இருந்தது, மறுநாளும் காலியாக இருந்தது. வாரங்கள் போயின. ரயில் ஓடியது. தேயிலைப் பூக்களால் கட்டிய ஒரு பாலத்தைத் தாண்டி, மணியடித்தால் மைனா பறக்கிற ஒரு ஸ்டேசனில் நின்றது. உலகத்தில் எந்த மனிதனுக்கும் அந்தக் கதவைத் தேடத் தோன்றவில்லை.

ஒரே ஒருவரைத் தவிர. நாவுலையில் வீடு கட்டிக்கொண்டிருந்த அவர் ஒருநாள் போன் எடுத்தார். ஷிரானிதான் பேசினாள். கதவு பலாவா, தேக்கா என்று அவர் கேட்டாராம். நிலையோடு சேர்த்தா, தனியாகவா என்றும் கேட்டாராம்.

"நான் என்னன்னு சொல்றது? இமைக்கும் விழிக்கும் நடுவுல மாட்டுற கதவு, அளவு எடுக்கணும்னு சொல்லி வச்சிட்டேன்," என்றாள் ஷிரானி. அவள் கோபப்படவில்லை. தலைப்பில் ஊரின் பெயரைப் போடச் சொன்னாள். வெளியூர்க்காரர்கள் மலைப்பக்கம் என்றாலே அட்டைக்குப் பயப்படுவார்கள், ஆகவே பூச்சி பொட்டு எதுவும் இல்லை என்பதையும் போடச் சொன்னாள்.

"சரி," என்றான் றெக்சன்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. இங்கிலீஷ்காரன் "இல்லை" என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவான். நாம் இருப்பதையெல்லாம் அடுக்கி முடித்துவிட்டுக் கடைசியில்தான் இல்லை என்போம். அதுவரைக்கும் கேட்கிறவர் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். றெக்சன் மனைவி சொன்னதில் ஒரு சொல்லையும் விடவில்லை. அவன் புதிதாக எழுதியது இப்படி இருந்தது: அட்டை, நுளம்பு, கரப்பான், பாம்பு, பல்லி, குரங்கு, குளவி போன்ற எதுவுமே இல்லாத அமைதியான அறை, பலாபத்வல, மாத்தளை.

ஷிரானி முழுவதையும் வாசித்தாள். ஊர் இருந்தது. அறை இருந்தது. இல்லை என்பதும் இருந்தது. தலையாட்டிவிட்டுப் போனாள். தேடுகிற ஊருலகத்தின் கண்ணில் என்ன படும் என்பது றெக்சனுக்கு மட்டும்தான் தெரியும், அல்லது அவன் அப்படி நினைத்துக்கொண்டான். "அட்டை, நுளம்பு, கரப்பான், பாம்பு, பல்லி, குரங்கு, குளவி போன்ற…" என்று அங்கே நின்றது. அதற்குப் பிறகு மூன்று புள்ளிகள். இதைப் பார்த்துவிட்டும் தங்க வருகிறவன் ஒருவன் இருந்தால் அவனுக்குக் கட்டிலைச் சும்மாவே கொடுக்கலாம் என்று சிரித்துக்கொண்டே தூங்கப் போனான்.

வந்தது ஒருவன் இல்லை, ஒருத்தி. தோளில் பெரிய பை, கையில் வலை, பைக்குள் கண்ணாடிப் போத்தல்கள். பெயர் நிப்லா. பல்கலைக்கழகத்தில் அட்டைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். றெக்சன் அப்போதுதான் சோற்றை முடித்துவிட்டுக் கட்டிலை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

"எங்கெல்லாமோ தேடினேன் ஆன்ட்டி. எல்லாம் ஒரே இடத்துல இருக்குன்னு உங்க பக்கத்துல மட்டுந்தான் போட்டிருந்திச்சு," என்று நிப்லா சந்தோசமாகப் போனை நீட்டினாள்.

ஷிரானி போனை வாங்கிப் பார்த்தாள். மூன்று புள்ளிகளையும் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவள் வாய்விட்டு ஏசியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை. வந்த பிள்ளைக்குத் தேத்தண்ணியும் பணியாரமும் கொடுத்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னாள்.

"அறைக்குள்ள இல்ல மகள். பின்னால ஓடையில நெறைய இருக்கு. அங்கிள் கூட்டிட்டுப் போவாரு. அவருக்கு இந்த நேரம் ஒரு வேலையும் இல்ல."

றெக்சன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினான். நிப்லா நீட்டிய போத்தல் எதிலும் அட்டைகள் ஏறவில்லை. எல்லாம் அவன் காலிலேயே ஏறின. அவன் குனிந்து ஒன்றைப் பிடுங்கப் போனபோது, "அங்கிள், அசையாதீங்க, இது கெடைக்காத இனம்," என்று அவள் கெஞ்சினாள். கிடைக்காத இனம் வயிறு நிறையும் வரைக்கும் அவன் அசையாமல் நின்றான். சாதிக்காய் மரத்துக்கு மேலே வெயில் சாய்ந்தது. தூரத்தில் எங்கோ ஒரு ரயில், கார்ட் இல்லாமலே, விசில் அடித்துக்கொண்டு போனது அவனுக்குக் கேட்டது.

நிப்லா நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகு, ஷிரானி அவன் காலைத் தன் மடியில் எடுத்துவைத்து உப்பும் தேசிக்காய்ப் புளியும் தடவினாள். எரிந்தது. ஆனால் அவள் விரல் மெதுவாக இருந்தது.

"ஏங்க," என்றாள், "அந்த அறைக்குள்ள அப்புடி என்னதாங்க இருக்கு?"

அவள் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். இத்தனை காலமும் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. அவன் சொல்லத் தொடங்கினான். பச்சை வெளிச்சம் எப்படி வந்து படுக்கும் என்று சொன்னான். ஓடைச் சத்தம் முதலில் காதுக்கு வெளியே இருக்கும், பிறகு காதுக்கு உள்ளே போகும், அதற்குப் பிறகு நாம்தான் அதற்குள்ளே போவோம் என்று சொன்னான். மிளகுக் கொடி ஜன்னலில் உரசுவது, கூப்பிடாமல் கூப்பிடுகிற மாதிரி இருக்கும் என்றான். ரயிலைச் சொன்னான். கொக்கோப் பழங்களைச் சொன்னான். மழை இறங்கிய ஸ்டேசனைச் சொன்னான். தகப்பன் நின்ற ஸ்டேசனைச் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

ஷிரானியின் கண்ணும் கலங்கியிருந்தது. "எனக்கும் ஒரு ஆசை இருக்குங்க," என்றாள். "நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து இந்தப் பாதையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எல்லாம் எங்கேயோ போகுது. ஒண்ணாவது நின்னு, அதுல இருந்து ஒரு ஆள் எறங்கி, அங்க மழையா, இங்க வெயிலான்னு நாலு கத கேக்காதான்னு இருக்கும்."

றெக்சனுக்குப் பாவமாக இருந்தது. மனதார இருந்தது. ஆனால் பாவம் வேறு, அறை வேறு.

"அப்புறம்? அந்தப் பாலம் என்னத்துல கட்டியிருந்துச்சுன்னீங்க?" என்று கேட்டாள் ஷிரானி. அவன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். அவள் ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். தன் கனவைக் கேட்க இப்படி ஒரு மனைவி வாய்த்திருப்பதை இவ்வளவு நாள் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று அவன் உருகிப்போனான். அவளுடைய போன் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்ததை மட்டும் கவனிக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஷிரானி அறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வென்றுவிட்டோம் என்று நினைத்தான் றெக்சன். வெள்ளிக்கிழமை மதியம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வந்தபோது வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வான் நின்றது. பதறிப் போய் உள்ளே ஓடினான். பின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. அவனுடைய கட்டில், அவனுடைய வெளிச்சம், வேறு யாருடைய குறட்டையோ.

ஷிரானி சேலை கட்டியிருந்தாள். முகத்தில் பெருநாளைக்கு உள்ள களை. உஷ் என்று விரலை உதட்டில் வைத்து, போனை எடுத்து அவனிடம் காட்டினாள். அட்டையும் இல்லை, கதவும் இல்லை. ஒரே ஒரு வரி நின்றது: பலாபத்வலயில் பகல் நித்திரைக்கு அறை.

அதைத் தொட்டதும் பக்கம் திறந்தது. பச்சை வெளிச்சம் வந்து கட்டிலில் படுத்துக்கொண்டது. ஓடைச் சத்தம் காதுக்கு உள்ளே போனது. மிளகுக் கொடி கூப்பிடாமல் கூப்பிட்டது. ரயில் ஓடியது. ஒரு சொல்லும் மாறாமல் அவன் சொன்னது சொன்னபடி இருந்தது. தகப்பனை மட்டும் அவள் போடவில்லை.

"நித்திரையா? நம்ம தூக்கம்னுதானே சொல்லுவோம்," என்றான் றெக்சன். ஆயிரம் கேள்வி இருந்தும் அவன் வாயில் வந்தது அதுதான்.

"நம்ம வீட்டுலதான் தூக்கம். இந்தப் பாதையில வடக்கேயிருந்து வர்றவங்க நித்திரைன்னுதான் தேடுவாங்க. தண்ணி கேட்டு நிப்பாட்டுற ட்ரைவர்மாரு என்ன கேப்பாங்க தெரியுமா? கொஞ்சம் நித்திரை கொள்ள இடமிருக்கா அக்கான்னுதான். ராவைக்குத் தங்க சீகிரியா வரைக்கும் எத்தனையோ ஹோட்டல் இருக்கு. பகல்ல படுக்க எங்க இருக்கு, சொல்லுங்க."

"இந்தத் தலைப்பு எழுதுறதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னா?"

"ஷிஃபான் தம்பிதான். நீங்க போறதுக்கு முந்தின நாள் நான் போயிட்டு வந்தேன்."

றெக்சன் சுவரில் சாய்ந்துகொண்டான். எலிப்பொறியின் கதவு பின்னால் விழுந்த சத்தம் அவனுக்கு இப்போதுதான் கேட்டது. "அப்ப அன்னைக்கே நீ எழுதியிருக்கலாமே. எதுக்கு என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தினே?"

"தலைப்பு எழுதலாங்க. உள்ளுக்கு என்னத்த எழுதுறது? அந்த அறையில தூங்கினது நீங்கதானே," என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனாள். எந்தத் தலைப்பும் அந்த வீட்டில் எவர் கையில் இருக்கிறது என்பது றெக்சனுக்கு அன்றைக்கு ஐயந்திரிபற விளங்கியது.

அதற்குப் பிறகு பாதை அவர்கள் வீட்டு வாசலில் நிற்கப் பழகிக்கொண்டது. மடு மாதா கோயிலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் நின்றார்கள். கொழும்பில் வேலை, கிளிநொச்சியில் வீடு என்று அலைகிறவர்கள் நின்றார்கள். படுத்து எழும்பியவர்களை உட்கார்த்தி வைத்து ஷிரானி கதை கேட்டாள். அவள் சிரிப்பு சமையலறையிலிருந்து கேட்கும்போது றெக்சனுக்குக் கோபப்படவும் முடியவில்லை. அவனுக்குப் புது வேலை கிடைத்திருந்தது. சாதிக்காய் மரத்தடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காகம் கரையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் ஓடிப்போய்க் கும்பிட வேண்டும். ஊரெல்லாம் வந்து தூங்குவதற்காக, தூங்கப் பிறந்தவன் விழித்துக் கிடந்தான். ஆளில்லாத நாளில் அவன் அந்தப் பக்கம் போனால், விரித்த துணி கசங்கிவிடும் என்று ஷிரானி கதவைப் பூட்டினாள்.

ஒருநாள் ரமேஸ் என்று ஒரு லொறிக்காரன் வந்தான். கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு வெங்காயம் ஏற்றிப் போகிறவன். நல்ல வாட்டசாட்டமான ஆள். படுத்தவன் குறட்டைகூட விடவில்லை. எழும்பி வந்து முகத்தைக் கழுவிவிட்டு, றெக்சனுக்குப் பக்கத்தில் குந்தினான்.

"அருமையான நித்திரை அண்ணை," என்றான். "பக்கத்தில போட்டிருந்த மாதிரியே றெயிலும் வந்தது. நான்தான் கார்ட்."

றெக்சன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். உடுப்பு யாருடையது என்று கேட்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டு, எதுவரைக்கும் போனது என்று கேட்டான்.

"கடைசி ஸ்டேசன் மட்டும் போனது."

"கடைசி ஸ்டேசனா?"

"ஓம் அண்ணை. அங்கால தண்டவாளம் இல்லை. எல்லாரும் இறங்கிச்சினம். நானும் இறங்கினன்."

இத்தனை வருசம் றெக்சன் ஸ்டேசன் ஸ்டேசனாக நகர்ந்த பாதையை, வெங்காய லொறிக்காரன் ஒருவன் ஒரே மூச்சில் ஓடி முடித்திருக்கிறான். வயிறு எரிந்தது. அதைவிட ஆசை பெரிதாக இருந்தது. அவன் ரமேஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அங்க என்ன தம்பி இருந்துச்சு?"

ரமேஸ் கண்ணை மூடி யோசித்தான். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. "நல்ல வடிவா இருந்தது அண்ணை. அப்படியொரு வடிவை நான் கண்டதே இல்லை." பிறகு கண்ணைத் திறந்தான். "என்னெண்டுதான் மறந்து போச்சு."

அவன் லொறி ஏறிப் போன பிறகும் றெக்சன் அதே இடத்தில் நின்றான். சாதிக்காய் மரத்தில் காகம் கரைந்தது. கரையட்டும் என்று விட்டுவிட்டான். அன்றும் மறுநாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி ஸ்டேசன் இருக்கிறது. அது வடிவாக இருக்கிறது. அதற்குப் போகிற ஒரே கட்டில் அவன் வீட்டிலேயே இருக்கிறது. ஷிரானியிடம் நேரே கேட்டிருக்கலாம்தான். ஆனால் தோற்றவன் போய்க் கேட்பதற்கும் ஒரு முகம் வேண்டுமே. தவிர, ஒரே ஒரு தடவையாவது அவளை ஏமாற்றிப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அந்த மனுசனுக்குள் இன்னும் சாகாமல் இருந்தது.

யோசனை வந்தது. மறுநாள் கடைசிப் பிள்ளையை இறக்கியதும் நேரே சந்திக்குப் போனான். ஷிஃபானின் போனை இரவல் வாங்கினான், தன் நம்பர் தெரியக்கூடாது என்பதற்காக. முகம் துடைக்கிற லேஞ்சியை வாயில் பொத்திக்கொண்டான். யாழ்ப்பாணத்துக்காரன் போலப் பேசவேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தில் போட்டிருந்த நம்பருக்கு எடுத்தான்.

"வணக்கம், பகல் நித்திரை அறை," என்றாள் ஷிரானி. இவ்வளவு மரியாதையான குரலில் அவள் பேசி அவன் கேட்டதில்லை.

"வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலயிருந்து கதைக்கிறனுங்க," என்றான் றெக்சன்.

ஷிஃபான் நெற்றியில் அடித்துக்கொண்டான். யாழ்ப்பாணம் உண்டான நாளிலிருந்து அந்த ஊரில் பிறந்த எவனும் அந்த "ங்க"வைப் போட்டதில்லை. றெக்சனுக்கு அது விளங்கவில்லை.

"சொல்லுங்க ஐயா, என்ன வேணும்?"

"பெரிய களைப்பு. நித்திரை கொள்ள ஒரு இடம் வேணும்."

"பேர் என்ன ஐயா?"

"ராசரத்தினம்."

"நல்லது ஐயா. வாங்க, அறை இருக்கு. துணி விரிச்சு ஜன்னலும் தொறந்து வச்சிருக்கேன்."

றெக்சன் லேஞ்சிக்குள்ளே சிரித்தான். முதல் தடவையாக வென்றுவிட்டான். பச்சை வெளிச்சம் கண்ணுக்குள் வந்து படுத்தது. தூரத்தில் ரயில் புறப்படத் தயாராக நின்றது. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனபோது, ஷிரானி அதே மரியாதை குறையாத குரலில் சொன்னாள்.

"வர்றப்ப ஷிஃபான் தம்பி கடைக்குப் பக்கத்துலயே ஒரு றாத்தல் பாணும் ரெண்டு தேங்காயும் வாங்கிட்டு வந்துருங்க ஐயா."